யானை, கவலை, கடாய்

காலை ஆறு மணி பத்து நிமிடம். அடுப்பில் பால் பொங்குகிற நேரம். என் மகள் பல் தேய்த்த ஈர முகத்தோடு அடுக்களை வாசலில் வந்து நின்று, "அம்மா, ரேடியோவை ஏன் பந்த் பண்ணின?" என்று கேட்டாள்.

நான் அணைக்கவில்லை. ரேடியோ ஜன்னல் கட்டையில் அதன் இடத்தில்தான் இருந்தது. அவளுக்குப் பிடித்த பாட்டுதான் ஓடிக்கொண்டிருந்தது. முடியப்போகிற இடம். ஒரு பெண் குரலும் குழந்தைகள் குரலும் சேர்ந்து பாடுகிற கடைசி வரி.

"ஓடுதேட்டி" என்றேன்.

அவள் என் வாயைப் பார்த்தாள். "என்னது?" என்றாள், தோப்பில் நிற்கிற அப்பாவைக் கூப்பிடுகிற சத்தத்தில். பிறகு வலது காதில் சுண்டுவிரலை விட்டு ஆட்டினாள். "தண்ணி போயிருச்சு போல. ஹாத்தி வரைக்கும் கேட்டுச்சு. அப்புறம் பந்த் ஆயிடுச்சு."

ரேடியோவின் சத்தத்தைக் கூட்டினேன். இன்னும் கூட்டினேன். பாட்டு முடிந்து ஓர் ஆண் வேகமாகப் பேச ஆரம்பித்திருந்தான். அவன் குரலில் ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. அவளோ, நான் ரேடியோவைச் சரிசெய்வதாக நினைத்து, துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு பொறுமையாக நின்றாள். பால் பொங்கி வழிந்து அடுப்பை அணைத்தது.

அவளுக்கு இருந்ததே ஒரு காதுதான். சின்ன வயதில் பொன்னுக்கு வீங்கி வந்து போனபோது இடது காதையும் கொண்டுபோய்விட்டது. அதன் பிறகு எங்கள் வீடே அவளுடைய வலது பக்கமாக ஒதுங்கிக்கொண்டது. நடக்கும்போது வலது பக்கம் நடப்போம். சாப்பிட உட்கார்ந்தால் அவளை இடது ஓரத்தில் உட்காரவைப்போம். வந்தவர்கள் தெரியாமல் மாறி உட்கார்ந்தால் நான் எழுந்து அவர்களை நகர்த்துவேன். என் கணவருக்கு அது கூச்சமாக இருக்கும். "வந்தவங்களைப் பஸ்ஸுல சீட்டு மாத்துத மாதிரி மாத்துத" என்பார்.

மிச்சமிருந்த அந்த ஒரு காதை நான் காவல் காத்தேன். கடலில் தலை முங்கக் கூடாது. பொங்கல் விழாவில் ஒலிபெருக்கிக்குப் பக்கத்தில் நிற்கக் கூடாது. காதுக்குள் மாட்டிக்கொண்டு பாட்டுக் கேட்கிற சாமான் வீட்டுக்குள் வரவே கூடாது. அவளுடைய தோழிகள் எல்லாரும் போனில் கொரியப் பாட்டுக் கேட்டுக்கொண்டு திரிந்தபோது, இவளுக்கு மட்டும் நான் ஒரு பழைய ரேடியோவைக் கொடுத்தேன். தூரத்தில் வைத்து, சன்னமாகக் கேள் என்றேன். அப்படித்தான் எங்கள் வீட்டுக்குள் சுமத்ரா வந்தது.

நாங்கள் இருப்பது இந்தியாவின் தென்கோடித் தீவில், கேம்பல் பேயில். என் மாமனார் பட்டாளத்திலிருந்து ஓய்வுபெற்று, தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து வந்து, அரசு கொடுத்த நிலத்தில் தென்னையும் பாக்கும் வைத்தவர். தோப்பை இப்போது என் கணவர் பார்த்துக்கொள்கிறார். நான் ஓர் அலுவலகத்தில் கிளார்க். சென்னையும் எங்களுக்குத் தூரம், போர்ட் பிளேயரும் தூரம். கிட்ட இருப்பது தெற்கே கடலைத் தாண்டி இருக்கிற வேற்று நாடுதான். விடியும்போதும் பொழுது சாயும்போதும் ரேடியோ முள்ளை மெல்லத் திருப்பினால் நம் ஊர் நிலையத்தைவிட அவர்களுடைய நிலையம் தெளிவாகக் கேட்கும். "கரண்ட் பில் இந்தியாவுக்கு, பாட்டு மட்டும் இந்தோனேசியாவுல இருந்தா?" என்று கேட்பார் என் கணவர்.

எனக்கு அந்தப் பாட்டுகள் பிடித்துப்போனதற்குக் காரணம் உண்டு. தெரிந்த மொழியில் பாட்டுக் கேட்டால் என்னால் சும்மா இருக்க முடியாது. பாட்டில் யாரோ பிரிவார்கள், யாரோ வரமாட்டார்கள், யாருக்கோ கண் மூடும். உடனே என் மனசு அந்த இடத்தில் என் வீட்டு ஆட்களை வைத்துப் பார்க்கும். தமிழ்ப் பாட்டுக் கேட்டுவிட்டு, தோப்புக்குப் போன மனிதர் ஏன் இன்னும் வரவில்லை என்று வாசலுக்குப் போய் நின்றிருக்கிறேன். மொழி தெரியாத பாட்டில் யாரும் சாவதில்லை. குரல் ஏறுகிறது, இறங்குகிறது, அவ்வளவுதான். நான் நிம்மதியாக வெங்காயம் நறுக்குவேன்.

மகளுக்கோ அது விளையாட்டு. எங்கள் தீவில் வீட்டு வாசலைத் தாண்டினால் இந்திதான். பெங்காலியோடும் இந்தி, தெலுங்குக்காரரோடும் இந்தி. அதனால் காதில் விழுகிற எந்தப் புது வார்த்தையையும் முதலில் இந்தியில் வைத்துப் பார்ப்பது எங்களுக்குப் பழக்கம். அந்த ரேடியோவின் எல்லாப் பாட்டிலும் 'ஹாத்தி' வந்தது. இந்தியில் யானை. 'சிந்தா' வந்தது. இந்தியில் கவலை.

"அம்மா, மறுபடியும் யானைக்குக் கவலை."

"சுமத்ராவுல யானை நிறைய இருக்குட்டி. காடெல்லாம் வெட்டுதாங்களாம். கவலை இருக்காதா?"

"எல்லாப் பாட்டுலயுமா? யானைக்கே இவ்ளோ சிந்தான்னா, நீ அங்க பொறந்திருக்க வேண்டியவதான்."

காலை ஆறு மணிக்கு மேல் தினமும் வருகிற ஒரு பாட்டு அவளுக்கு மிகவும் பிடிக்கும். தாலாட்டுப் போல இழுத்துப் பாடுவார்கள். நடுவில் ஒரு ஹாத்தி, ஒரு சிந்தா, கடைசியில் குழந்தைகள் சேர்ந்து ஒரு 'கடாய்'. யானை தன் கவலையைக் கடாயில் போட்டு வறுக்கிறது என்று அவள் அதற்கு ஒரு கதை கட்டினாள். அந்தப் பாட்டு சட்டென்று முடிந்துவிடும். முழுப் பாட்டையும் ஏன் போட மாட்டேன் என்கிறார்கள் என்று இருவரும் தினமும் குறைப்பட்டுக்கொள்வோம். போனில் மொழிபெயர்க்கிற வசதி இருக்கிறதே என்று ஒரு தோழி சொன்னபோது, "வேண்டாம், யானை போயிடும்" என்றாள்.

கேட்டுச் சொல்ல ஒரு ஆள் இருக்கவே செய்தார். என் கணவரின் அண்ணன். சரக்குக் கப்பலில் சமையல்காரர். பினாங்கு, மேடான் என்று அந்தப் பக்கமே பாதி ஆயுளைக் கழித்தவர். அந்த ரேடியோக்காரர்கள் பேசுகிற மலாய் அவருக்குத் தண்ணீர்பட்ட பாடு. ஒவ்வொரு முறை போனில் பேசும்போதும், "வாரேன் தாயி, வந்து உன் பாட்டுக்கெல்லாம் அர்த்தம் சொல்லுதேன்" என்று மகளிடம் சொல்வார். "மெதுவா வாங்க பெரியப்பா, அவசரமே இல்ல" என்பாள் இவள். அவரும் அப்படியே மெதுவாக இருந்தார்.

அவளுக்குக் கேட்காமல் போன அன்று காலை ஊர் ஆஸ்பத்திரியில் இருந்த டாக்டர் இளைஞர். இரண்டு பல் முள்கரண்டி போன்ற இரும்பை முழங்கையில் தட்டி அவளுடைய காதருகே வைத்தார். அவள் அடுத்து என்ன என்பது போல அவரைப் பார்த்தாள். நெற்றியில் வைத்தார்.

"அதிருது" என்றாள்.

கேட்கிறதா என்று தன் காதைத் தொட்டுக் காட்டினார்.

"அதிருது."

அவர் போர்ட் பிளேயருக்கு போன் செய்து பேசிவிட்டு மாத்திரை எழுதினார். பிறகு என்னை வெளியே கூட்டிவந்து இந்தியில் சொன்னார். இது சில பேருக்குத் திரும்பி வரும், சில பேருக்கு வராது. காது நிபுணரிடம் எவ்வளவு சீக்கிரம் போகிறீர்களோ அவ்வளவு நல்லது. நாள் தள்ளத் தள்ள வாய்ப்புக் குறையும். காதுக்குள் ஊசி போட வேண்டியிருக்கும், அது இங்கே முடியாது. அவரை எதற்கும் குற்றம் சொல்ல முடியாது. அவர் அன்றே ஹெலிகாப்டருக்கு எழுதிக் கொடுத்தார்.

மழைக்காலம். ஹெலிகாப்டர் ஒரு நாள் கிளம்பவே இல்லை. மறுநாள் வருகிறது என்று சொல்லி, நாங்கள் பையோடு போய்க் குடைக்குள் நின்றோம். மேகத்துக்கு மேலே சத்தம் கேட்டது. எனக்குக் கேட்டது. நான் விரலால் மேலே காட்ட, அவள் அண்ணாந்து பார்த்தாள். சத்தம் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வடக்கே போய்க் கரைந்தது. இறங்க முடியவில்லை என்று வந்து சொன்னார்கள். அவள் இன்னும் அண்ணாந்துகொண்டே நின்றாள். போய்விட்டது என்று எப்படிக் காட்டுவது என்று எனக்குத் தெரியவில்லை. கையை விரித்தேன்.

"ஏன், என்னாச்சு? வந்துச்சா இல்லையா?" என்றாள். அங்கே நின்றவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்க்கிற அளவுக்குச் சத்தம். தன் சத்தம் அவளுக்குத் தெரியவில்லை. நான் உதட்டில் விரல் வைத்தேன். அவள் முகம் சுருங்கிப்போயிற்று. அன்றிலிருந்து வெளியே போனால் ரகசியம் போலத்தான் பேசுகிறாள். எனக்கே பாதி கேட்பதில்லை.

கடைசியில் கப்பலில்தான் போனோம். கப்பலும் கடல் கொந்தளிப்பால் தாமதமாக வந்து, தாமதமாகவே கிளம்பியது. கீழ்த்தளத்தில் பங்க்கு என்கிற அடுக்குப் படுக்கை. எதிர் பங்க்கில் ஒரு பெங்காலி அம்மா போனில் பாட்டை அலறவிட்டுக்கொண்டிருந்தார். எனக்கு ஆத்திரமாக வந்தது. என் பிள்ளைக்குக் கேட்கவில்லை, நீ எப்படிப் பாட்டுப் போடலாம் என்று கேட்க வேண்டும் போல இருந்தது.

மகள் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "ஏம்மா மூஞ்சிய அப்படி வெச்சிருக்க? பாட்டு சத்தமா?" என்றாள் மெல்லிய குரலில்.

தலையாட்டினேன்.

"என்ன பாட்டு?"

நான் போனில் எழுதிக் காட்டினேன்: இந்தி.

"ஓ. புரியிற பாட்டு" என்றாள். "அப்ப போகட்டும்."

பிறகு அவள் கேட்டதுதான் என்னை அன்றிலிருந்து படுத்துகிறது. "அந்தப் பாட்டு கடைசில எப்படி முடியும்? ஹாத்திக்கு அப்புறம்? எனக்கு மனசுக்குள்ள ஹாத்தியோட நின்னுடுது. அதுக்கு மேல பாட முடியல."

தினமும் கேட்ட பாட்டு. அவளுக்கு மறந்திருக்க நியாயமில்லை. ஆனால் அந்த இடத்தில் வெட்டியது போல நின்றுவிடுகிறது என்றாள். எனக்கு நன்றாக நினைவிருந்தது. எழுதினேன்: சிந்தா. பிறகு குழந்தைகள். பிறகு கடாய். ராகத்தை எப்படி எழுதுவது? அவள் உள்ளங்கையைப் பிடித்து விரலால் ஏற்றி இறக்கிக் காட்டினேன். அவள் கொஞ்ச நேரம் அதைப் பார்த்துவிட்டு, கையை இழுத்துக்கொண்டு, சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தாள்.

போர்ட் பிளேயரில் டாலிகஞ்சில் ஒரு அறை எடுத்துத் தங்கினோம். நிபுணர் கண்ணாடி அறைக்குள் உட்காரவைத்துச் சோதித்தார். சத்தம் கேட்டால் கையைத் தூக்கச் சொல்லியிருந்தார். நான் வெளியே நின்று அவள் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். அது மடியிலேயே கிடந்தது. ஊசிகள் போட்டார்கள். ஒவ்வொரு ஊசிக்குப் பிறகும் மறுபடி அந்த அறை, மறுபடி மடியில் கிடக்கிற கை. ஒருமுறை கையைத் தூக்கினாள். நான் கண்ணாடியைத் தட்டிவிட்டேன். பிறகு பார்த்தால் நெற்றியில் விழுந்த முடியை ஒதுக்கினாள்.

தாமதமாக வந்ததால்தானா என்று நிபுணரிடம் கேட்டேன். அவர் நல்ல மனிதர். உடனே வந்திருந்தாலும் உறுதியாகச் சொல்ல முடியாது என்றார். சென்னையில் காதுக்குள் கருவி வைப்பார்கள், ஸ்கேன் எடுத்துப் பார்த்துவிட்டுத்தான் வைக்க முடியுமா என்றே சொல்வார்கள், வைத்தாலும் பழக மாதக்கணக்கில் ஆகும், பேச்சு கொஞ்சம் கொஞ்சமாகப் பிடிபடும் என்றார்.

"பாட்டு?" என்றேன்.

அவர் பேனாவை மூடினார். "அதை எதிர்பார்க்காதீங்க. கருவி வழியா பாட்டு வேற மாதிரி இருக்கும். தகரத்தைத் தட்டின மாதிரின்னு சிலர் சொல்றாங்க."

மகள் எங்கள் இருவர் வாயையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள். என்ன சொன்னார் என்று கேட்டாள். சென்னைக்குப் போக வேண்டும் என்பதை மட்டும் எழுதிக் காட்டினேன்.

ஊருக்குத் திரும்பிவிட்டோம். சென்னையில் தேதி இன்னும் கிடைக்கவில்லை. வீட்டில் இப்போதும் எல்லாரும் அவளுடைய வலது பக்கமாகவே நடக்கிறோம். சாப்பிட உட்காரும்போது அவள் இடது ஓரத்துக்கே போகிறாள். மாற்ற யாருக்கும் மனம் வரவில்லை. ரேடியோவை நான் அலமாரிக்குள் வைத்துவிட்டேன். மறுநாள் அது மறுபடி ஜன்னல் கட்டையில் இருந்தது.

"நீ கேளு" என்றாள். "கேட்டு எழுதிக் காட்டு."

எழுதிக் காட்டினேன். என்ன எழுதுவது? மெதுவான பாட்டு, ஆண் குரல், ஒரு ஹாத்தி, இரண்டு சிந்தா. அவள் படித்துவிட்டு, "பாவம் யானை" என்பாள். முதலில் சிரித்தாள். பிறகு சிரிக்காமல் சொன்னாள். பிறகு படிப்பது மட்டும். என்னாலும் பழையபடி கேட்க முடியவில்லை. இப்போது மொழி தெரியாத பாட்டிலும் என் வீட்டு ஆட்கள் வந்து நிற்கிறார்கள்.

ஒருநாள் அவளே கேட்டாள். "அம்மா, அந்தக் கடைசிப் பாட்டுக்கு அர்த்தம் தெரியணும். மத்தது வேண்டாம். அது மட்டும்."

போனை ரேடியோவுக்கு முன்னால் பிடித்துப் பார்த்தேன். இரைச்சலோடு இருந்ததால் அது ஒன்றும் காட்டவில்லை. நான் காதில் விழுந்தபடி எழுத்துக்கூட்டி அடித்தால் சம்பந்தமில்லாத ஏதோ வந்தது. கணவரின் அண்ணனுக்கு போன் செய்தால் அவருடைய கப்பல் எங்கோ நடுக்கடலில். கரைக்கு வந்தவுடன் கூப்பிடச் சொல்லி என் கணவர் செய்தி அனுப்பினார். விஷயத்தையும் அனுப்பினார். பதிலுக்கு அவர் கூப்பிடவில்லை. லீவு போட்டுவிட்டு நேராகக் கிளம்பியிருக்கிறார்.

ஒரு நாள் விடிகாலையில் கப்பல் எங்கள் துறைக்கு வந்தது. என் கணவர் போய் அவரைக் கூட்டிவந்தார். பெரிய உடம்பு, கையில் ஒரு பிஸ்கட் டின். வாசலில் செருப்பைக் கழற்றும்போதே, "எங்கட்டி என் தாயி?" என்று கூப்பிட்டுவிட்டு, உடனே வாயை மூடிக்கொண்டார். மகள் உள்ளிருந்து அவரைப் பார்த்தபிறகுதான் ஓடிவந்தாள். அவர் அவள் தலையைத் தன் வயிற்றோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு, என்னைப் பார்த்தார்.

காபி போட்டுக்கொண்டிருந்தேன். ரேடியோ ஓடிக்கொண்டிருந்தது. அந்தப் பாட்டு வந்தது. என் கை தானாக நின்றுவிட்டது. மகளுக்கு என் கை நின்றது போதும். அவர் சட்டையை இழுத்து, ரேடியோவைக் காட்டி, "பெரியப்பா, இதுதான்" என்றாள்.

அவர் தலையைச் சாய்த்துக் கேட்டார். அவர் முகத்தில் ஒரு சிரிப்பு வரப் பார்த்து, வராமல் போயிற்று.

"இதுவா அந்தப் பாட்டு?" என்றார் என்னிடம்.

"ஆமா அத்தான். யானையும் கவலையுமா வரும். ஹாத்தி, சிந்தா."

"யானை இல்லம்மா. ஹாத்தின்னா அங்க மனசு. சிந்தான்னா பிரியம்."

எல்லாப் பாட்டிலும் வந்தது அதுதானா? இத்தனை நாள் நாங்கள் சிரித்தது அதைப் பார்த்துத்தானா? அவள் கடைசியாகக் கேட்ட வார்த்தை மனசு. அதற்கு அடுத்தது பிரியம். அது அவளுக்குக் கேட்கவில்லை. அவளுக்கு எழுதிக் காட்ட ஈரக் கையோடு போனை எடுத்தேன்.

"அப்ப கடாய்?" என்று கேட்டார் என் கணவர்.

"கடாய் இல்லடே. கடை. நம்ம கடைதான். நம்ம ஆளுக அந்தக் காலத்துல கொண்டுபோன வார்த்தை. அங்க கெடாய்னு சொல்லுதான்." அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார். அவளுக்குக் கேட்டுவிடும் என்பது போல. "இது பாட்டே இல்லம்மா. விளம்பரம். கடைசில அந்த ஆளு வேகமாப் பேசுதானே, அது கடை இருக்க தெரு, போன் நம்பரு."

நான் போனைக் கீழே வைத்துவிட்டேன். தினமும் அதே நேரத்தில் வந்ததும், அவ்வளவு சீக்கிரம் முடிந்ததும் அதனால்தான். நாங்கள் இருவரும் முழுப் பாட்டுக்காகக் காத்திருந்தோம்.

"பெரியப்பா என்ன சொன்னாங்க?" என்றாள் மகள். நான் அவளைப் பார்க்கவில்லை. அவள் அவர் பக்கம் திரும்பினாள். "பெரியப்பா, என்ன பாட்டு அது?"

அவர் என்னைப் பார்த்தார். என் கணவரைப் பார்த்தார். பிறகு, அவள் சின்னப் பிள்ளையாக இருந்ததிலிருந்து செய்கிற வழக்கப்படி, அவளுடைய வலது பக்கம் வந்து, குனிந்து, அந்தக் காதுக்குள் வாயை வைத்து நிதானமாகச் சொன்னார்.

"மெத்தைக் கடை தாயி. நல்லாத் தூங்குங்கன்னு பாடுதாங்க."